கண்டி வீடுகளில் இன்னொலி வளர்ந்த கதை

மலைகள் சூழ்ந்த ஊரில் ஓசைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. சமவெளியில் எழும் ஓசை பரந்து தேய்ந்துவிடும். பள்ளத்தாக்கில் எழுவதோ மலைச்சரிவில் மோதி மீண்டும் செவிக்கு வந்து சேரும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஒரு புறம் ஹந்தானை மலைத்தொடரும் மறுபுறம் மகாவலி கங்கையின் வளைவும் சூழ அமைந்த கண்டி மாநகரம் இத்தகைய ஊர்களுள் ஒன்று. இந்நகரத்தின் வீடுகளுக்குள் பாட்டும் பேச்சும் எந்திரத்தின் வழியே வந்து குடிபுகுந்த வரலாற்றிலே மலை, மழை, மின்சாரம், போர், சட்டம், வறுமை ஆகிய யாவும் தத்தம் பங்கைச் செலுத்தியிருக்கின்றன. மனநிறைவு தரும் ஒலிச் சாதனத்தை வீட்டில் அமைத்துக்கொள்வது ஒரே நாளில் முடியும் காரியமன்று, ஆண்டுக்கணக்கில் நடைபெறும் முயற்சி என்பதற்குக் கண்டியின் கதையே போதிய சான்றாகும்.

எந்திரத்தின் ஒலியை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். கண்டி மக்களுக்கு அந்த அளவுகோல் நெடுங்காலமாகவே வாய்த்திருக்கின்றது. தலதா மாளிகையில் நாள்தோறும் மூன்று வேளை வழிபாட்டின்போது முரசுகள் முழங்குகின்றன. அங்கு ஒலிக்கும் 'தவுல' தமிழரின் தவிலுக்கும், 'தம்மெட்டம' தம்பட்டத்துக்கும், 'ஹொரணேவ' என்னும் குழல் நாகசுரத்துக்கும் உறவுடையன என்பதைப் பெயராலோ உருவாலோ எவரும் எளிதில் உணரலாம். எசலப் பெரஹராக் காலத்தில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் மாளிகையின் ஊர்வலத்தோடு சேர்ந்து வீதிவலம் வரும்போது, கண்டிய நடனத்துக்குரிய 'கெட்ட பெர' முழவுகள் நூற்றுக்கணக்கில் ஒருமித்து அதிரும். கட்டுக்கலைச் செல்வவிநாயகர் கோயிற் திருவிழாவிலோ தவிலும் நாகசுரமும் தமிழர் செவியை நிறைக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்துக்குப் புத்துயிர் அளித்தபோது, மத்தளமும் அந்த வரிசையில் வந்து சேர்ந்தது.

இவ்வாறு இயற்கை ஒலியை நாள்தோறும் கேட்டுப் பழகிய செவி, பெட்டிக்குள்ளிருந்து வரும் ஒலியில் உள்ள குறையை விரைவில் கண்டுகொள்ளும். அதற்கு அறிவியற் காரணமும் உண்டு. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்க வல்லது. முழவின் அடித்தொனி இந்த எல்லையின் கீழ்ப்பகுதியில் இருந்தாலும், தோலை விரல் தீண்டும் கணத்தில் எழும் கூர்மையும், தாளத்தின் கணீரென்ற ஒலியும் பல்லாயிரம் அதிர்வுகள் வரை மேலே எழுகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சாந்தே அதன் மேற்சுரங்களை ஒத்திசைவுடையனவாக ஆக்குகின்றது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920இல் எடுத்துக்காட்டி, 1934இல் மேலும் விரிவாக ஆராய்ந்தார். அம்மேற்சுரங்களைக் கொண்டுவர இயலாத கருவியில் 'நம்' என்னும் சொல்லும் 'தின்' என்னும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். ஆகவே கண்டி வீடுகளில் ஒலிச் சாதனம் படிப்படியாக உயர்ந்த கதையை, ஒரே முழவின் ஒலி காலந்தோறும் எவ்வளவு தூரம் உள்ளபடியே வந்து சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே கூறலாம்.

முதலில் வந்தது கிராமபோன். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ஆம் ஆண்டிலேயே புகைவண்டிப் பாதை அமைந்துவிட்டது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கிய அதே பாதையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பண்டங்கள் மலைநாட்டுக்கு ஏறின. கிராமபோன் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை; கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கேற்றினால் தட்டு சுழலும். தோட்டத்துரைமாரின் பங்களாக்களும் நகரத்துச் செல்வர் இல்லங்களும் அதற்கு முதலில் இடமளித்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டா என்னும் இடத்தில் இசைத்தட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்ட பின்னர், இந்திய இசைத்தட்டுகள் மலிந்து பரவின. கருநாடக இசையும் நாடகப் பாட்டும் கடல் கடந்து இலங்கைக்கு வந்தன.

அரக்கினால் ஆன அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடப் பாட்டே அடங்கும். ஒரு மணி நேரம் விரியும் இராக ஆலாபனையைப் பாடகர் மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டியதாயிற்று. எஃகு ஊசியைப் பக்கந்தோறும் மாற்ற வேண்டும். மாற்றத் தவறியவர் தட்டின் சாலைத் தம் கையாலேயே அரித்தனர். குழல்வாயில் பாடிப் பதிவு செய்த காலத்தில் ஏறத்தாழ 200 முதல் 3,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளே தட்டில் விழுந்தன. 1925இல் மின்னொலிவாங்கி வழக்கிற்கு வந்தபின் அந்த எல்லை 5,000 வரை உயர்ந்தது. பாடகரின் குரல் ஓரளவு தெளிவுற்றது. முழவோ இன்னும் மரப்பலகையைத் தட்டும் ஓசையாகவே கேட்டது.

இந்தக் காலத்திலேயே கண்டியின் ஈரக்காற்றும் தன் வேலையைத் தொடங்கியது. வடகீழ்ப் பருவக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் நனைக்கும் இப்பகுதியில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியும் மிகுந்தே இருக்கும். காகித உறைக்குள் வைத்த தட்டின்மேல் பூஞ்சணம் படரும். மரப்பெட்டியின் ஒட்டு நெகிழும். இரும்பு வில் துருவேறும். உலர்ந்த அலுமாரி, அடிக்கடி துடைக்கும் மென்துணி, நிலத்திலிருந்து உயர்த்திய மேசை என்பனவும் ஒலிச் சாதனத்தின் உறுப்புகளே என்பதை மலைநாட்டு வீடுகள் முதலிலேயே கற்றுக்கொண்டன.

இரண்டாம் படி வானொலி. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1920களின் முற்பகுதியில் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சிற்றறையிலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவி உறுப்புகளைக் கொண்டு அந்த அஞ்சல் கருவி அமைக்கப்பட்டது. 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் தோன்றி மூன்றே ஆண்டுகளில் இலங்கை இந்தப் பெருமையைப் பெற்றது.

கொழும்பில் எழுந்த அலை கண்டியை வந்தடைவது எளிதாயிருக்கவில்லை. மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்வது. கடுகண்ணாவை மேட்டையும் அதற்கு அப்பாலுள்ள குன்றுகளையும் கடக்கையில் அதன் வலிமை குன்றும். ஏப்ரில் மாதத்திலும் ஐப்பசி மழையிலும் பிற்பகல்தோறும் இடிமுழக்கம் நிகழும். அப்போது பெட்டியிலிருந்து பாட்டைவிட இரைச்சலே மிகுதியாக எழும். ஆகையால் கண்டியில் வானொலி வாங்கியவரின் முதல் முயற்சி பெட்டியைப் பற்றியதாக இராது. கூரையைப் பற்றியதாகவே இருக்கும். உயர்ந்த கமுகு அல்லது பலாமரத்திலிருந்து வீட்டு முகடு வரை நீண்ட ஏரியற் கம்பி கட்டப்பட வேண்டும். நிலத்தில் ஈரம் நிற்கும் இடத்திற் செப்புக் கம்பியைப் புதைத்து மண்ணிணைப்புக் கொடுக்க வேண்டும். இடியின்போது ஏரியலை நிலத்தோடு இணைக்கும் ஆளியும் வேண்டும். விலையுயர்ந்த பெட்டிக்கு மோசமான ஏரியல் கொடுத்த வீட்டைவிட, எளிய பெட்டிக்கு நல்ல ஏரியல் கொடுத்த வீடு தெளிவாகக் கேட்டது. சங்கிலியின் தொடக்கத்தில் இழந்ததைப் பின்னால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது என்னும் உண்மை இவ்வாறு மலைச்சரிவிலே விளங்கிற்று.

மின்சாரம் எட்டாத வீடுகளில் வால்வுப் பெட்டியை இயக்க ஈயப் பற்றரி வேண்டியிருந்தது. அந்தப் பாரமான பற்றரியைச் சுமந்து நகரத்துக்குக் கொண்டு சென்று மின்னேற்றி வரவேண்டும். அதனால் வானொலி கேட்பது எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இன்பமாயிற்று. செய்திக்கு அரை மணி, பாட்டுக்கு அரை மணி என்று வரையறுத்துக் கேட்டனர். அயலவரும் வந்து முற்றத்தில் அமர்ந்தனர். வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அரசுக்குக் கட்டணம் செலுத்தி உரிமச் சீட்டும் பெற வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் எதிர்பாராத வகையில் கண்டியை ஒலிபரப்பு வரலாற்றின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்தது. தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமைத் தளபதியாகிய மவுண்ட்பேட்டன் பிரபு, 1944 ஏப்ரிலில் தம் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்தின் மரநிழலில் படைத்துறை அலுவலகங்கள் எழுந்தன. அவர் கடற்படையில் தந்தியில்லாத் தந்தித் துறையில் பயிற்சி பெற்றவர். செய்தித் தொடர்பின் வலிமையை நன்கறிந்தவர். அப்படைப்பிரிவின் போர்வீரர்களுக்கெனக் கொழும்பில் 'ரேடியோ சீக்' என்னும் நிலையம் அமைந்தது. அதற்கென ஏக்கலையில் 100 கிலோவாற் வலிமையுள்ள சிற்றலை அஞ்சல் கருவி நிறுவப்பட்டது. படைகள் கலைந்தபின் 1949இல் அந்த நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஆசியாவெங்கும் புகழ்பெற்ற இலங்கை வானொலி இவ்வாறு ஒரு போர்க்காலச் சொத்தின்மீது வளர்ந்தது.

1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாட்டுகளுக்குத் தடை விதித்தபோது, இந்திய நேயர் பெருந்திரளும் கொழும்பை நோக்கித் திரும்பிற்று. தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடலின் இரு கரையிலும் அறிமுகமாயிற்று. 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதியவரும், இலண்டன் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயர் சூட்டியவருமான சோ. சிவபாதசுந்தரமும் இலங்கை வானொலியில் பணியாற்றியவரே.

இக்காலத்து நேயர் கண்டுகொண்ட ஓர் உண்மை குறிப்பிடத்தக்கது. வானொலியின் மத்திய அலையிலும் சிற்றலையிலும் ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகள் வந்து சேர்வதில்லை. ஆனால் மனிதப் பேச்சு தெளிவாக விளங்குவதற்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரை இருந்தாலே போதும். அதனாலே செய்தியும் நாடகமும் பேச்சும் அக்காலத்திலேயே நேயருக்கு முழு நிறைவு தந்தன. இசையின்பம் மட்டும் அரைகுறையாக நின்றது. கருவிக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்து கேட்பவன் குறைந்த செலவில் நிறைந்த மகிழ்ச்சி பெறுவான் என்பதற்கு வானொலி நாடகங்களின் செல்வாக்கே சான்று.

மூன்றாம் படிக்கு மின்சாரம் வழிவகுத்தது. மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே ஆய்வுரையொன்றில் விளக்கியிருந்தார். அவர் கனவு 1950இல் லக்சபான நீர்மின் நிலையமாக உருப்பெற்றது. மின்கம்பி எட்டிய நகரத்து இல்லங்களில் வால்வு வானொலிகளும் 'ரேடியோகிராம்' என்னும் பெரும்பெட்டிகளும் இடம்பெற்றன. மெருகிட்ட மரப்பேழைக்குள் வானொலியும் தட்டுச் சுழற்றியும் ஒலிபெருக்கியும் ஒருங்கே அடங்கிய ரேடியோகிராம், நடுவறையின் அணிகலனாக விளங்கிற்று.

அதே காலத்தில் இசைத்தட்டின் இயல்பும் மாறியது. 1948இல் நிமிடத்துக்கு 33 1/3 முறை சுழலும் நெடுந்தட்டும், 1949இல் 45 முறை சுழலும் சிறுதட்டும் அமெரிக்காவில் அறிமுகமாயின. வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆன நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாட்டு அடங்கியது. இராகத்தை அறுக்காமற் கேட்கும் வாய்ப்பு முதன்முறையாக வீட்டிற்குள் வந்தது. 1958 அளவில் இரு ஒலிபெருக்கிகள் வழியே இடமும் வலமும் பிரித்துக் காட்டும் இருவழித் தட்டுகள் கடைக்கு வந்தன.

ரேடியோகிராமுக்கு ஒரு குறை உண்டு. சுழற்றியும் ஒலிபெருக்கியும் ஒரே பேழைக்குள் இருப்பதால், ஒலிபெருக்கியின் அதிர்வு ஊசியைத் தாக்கி ஒலியைக் கலக்கும். அன்றியும் ஓர் உறுப்பை மட்டும் மாற்ற விரும்பினால் வழியில்லை. இங்கிலாந்தில் டி. டி. என். வில்லியம்சன் 1947இல் வெளியிட்ட ஒலிபெருக்கச் சுற்றமைப்பு, இந்தக் கட்டினை அவிழ்த்தது. வால்வுகளையும் மின்மாற்றியையும் வாங்கி ஆர்வலர் தாமே பொருத்திக்கொள்ளும்படி அது பத்திரிகையில் விளக்கப்பட்டது. சுழற்றி, முன்பெருக்கி, வலுப்பெருக்கி, ஒலிபெருக்கிப் பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்து, பணம் கிடைக்குந்தோறும் ஒவ்வொன்றாக உயர்த்தும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஒலிச் சாதனம் ஒரு பண்டம் என்ற நிலை மாறி, வளரும் ஒரு தொகுதி ஆகியது.

ஆனால் மலைநாட்டில் பெரும்பான்மையோர்க்கு இந்தப் படி எட்டவில்லை. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயன் அறைகளுக்கு மின்சாரமில்லை. ரேடியோகிராமை வைக்க இடமுமில்லை. தகரக் கூரையில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சும் கேட்காது. அங்கே ஒலியைக் கொண்டு சேர்த்தது திரான்சிஸ்டர் வானொலியே. 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இக்கருவி, அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆசியாவெங்கும் பரவிற்று. உலர் பற்றரி சிலவற்றில் இயங்கியது. கையில் தூக்கிச் செல்லக்கூடியது. அதன் சிறு ஒலிபெருக்கியால் முழவின் அடித்தொனியைத் தர முடியாது என்பது உண்மையே. ஆயினும் ஒலித்தரத்தில் ஒருபடி இறங்கிய அந்தக் கருவி, ஒலியைப் பெற்ற மாந்தர் தொகையில் பல படி ஏற்றியது.

அந்தச் சிறு பெட்டியின் அருமை பின்னர் நன்கு விளங்கிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யவும் வகை செய்தது. பல தலைமுறையாக வாழ்ந்த மலைகளை விட்டுக் கண்டிப் பகுதியிலிருந்தும் குடும்பங்கள் புகைவண்டி ஏறின. நீலகிரியிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் குடியமர்ந்தோர்க்கு ஒன்று மட்டும் கடல் கடந்தும் கிடைத்தது. அது இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு. எல்லைக்கோடு மனிதரைத் தடுத்தது, அலையைத் தடுக்க இயலவில்லை. மனநிறைவு தரும் ஒலி என்பது அதிர்வெண் கணக்கால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதை இவர்களின் நிலை உணர்த்தும்.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதிய வால்வும் ஊசியும் கிடைப்பது அரிதாயிற்று. வீட்டிலுள்ள கருவியைப் பேணித் திருத்தி ஓட்டுவது அன்றிப் பிறிதோர் வழியில்லை. பழுதான பெட்டியின் நல்லுறுப்பு வேறொரு பெட்டிக்கு உயிர் தந்தது. ஈரத்தாற் கசிந்த மின்தேக்கியை மாற்றவும், ஒலிபெருக்கியின் கிழிந்த கூம்பை ஒட்டவும் வல்ல கைவினைஞருக்கு நகரில் மதிப்பு உயர்ந்தது. தட்டுப்பாடு துன்பந்தான், ஆனால் தன் கருவியின் உள்ளமைப்பை அறிந்த நேயர் தலைமுறையொன்றை அது உருவாக்கியது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ்செய்த ஒலிநாடாக் கசெற்றும், அதனை ஒலிக்கச் செய்யும் ஜப்பானிய வானொலிப் பெட்டிகளும் கடைத்தெருவை நிறைத்தன. மத்தியகிழக்கில் உழைத்துத் திரும்பியோரும் அவற்றைக் கொண்டுவந்தனர். விரும்பிய பாட்டுகளைக் கசெற்றில் பதிந்து தரும் கடைகள் தோன்றின. நேயர் தம் விருப்பப்படி பாட்டுகளைத் தொகுத்துக்கொள்ளும் உரிமை முதன்முறையாகக் கிட்டிற்று. குழந்தையின் மழலையையும் பாட்டியின் தாலாட்டையும் வீட்டிலேயே பதிந்து வைக்கவும் முடிந்தது. கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத ஒலிகள் அவை.

நெடுங்காலம் சேர்த்தது நொடியில் அழியவும் கூடும். 1983 ஜூலையில் நாடெங்கும் தமிழருக்கு எதிராக வெடித்த வன்செயல், அம்மாதம் 26ஆம் நாள் கண்டியையும் வந்தடைந்தது. நகரின் கடைவீதிகளில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. அவ்வாறு நாடெங்கும் சாம்பலான இல்லங்களிலே, பல ஆண்டு உழைப்பிற் சேர்ந்த வானொலியும் தட்டும் நாடாவும் வேறெங்கும் படியெடுக்கப்படாத வீட்டுக் குரல்களும் அடங்கும். கருவியை மறுபடி வாங்கலாம். இறந்த தந்தையின் குரலை வாங்க இயலாது. ஒரு பதிவை ஓரிடத்தில் மட்டும் வைத்திருப்பது வைத்திராமைக்கு ஒப்பாகும் என்னும் கொடிய பாடத்தை அந்நாட்கள் புகட்டிச் சென்றன.

அதன்பின் பண்பலை ஒலிபரப்பும் குறுந்தட்டும் வந்தன. பண்பலை 15,000 அதிர்வு வரையுள்ள ஒலியை இரைச்சலின்றித் தருவது; ஆனால் அது நேர்கோட்டிற் செல்வது, மலையைச் சுற்றி வளைய அறியாதது. ஆகவே மலையுச்சிகளில் அஞ்சல் கோபுரங்கள் எழவேண்டியதாயிற்று. முன்பு அலையை மறித்த மலைகளே இப்போது அலையைத் தாங்கி நின்றன. 1982இல் அறிமுகமான குறுந்தட்டு 20,000 அதிர்வு வரை, செவியின் எல்லை முழுவதையும் தொட்டது. 1908ஆம் ஆண்டுத் தட்டில் மரப்பலகையாகக் கேட்ட முழவு, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் தோலாகவே கேட்டது. இன்று கைப்பேசியின் வழியே உலகின் பாட்டனைத்தும் வீட்டிற்குள் வருகின்றன. எனினும் அவை பெரும்பாலும் விரல்நுனியளவு ஒலிபெருக்கியிலேயே கேட்கப்படுகின்றன. திரான்சிஸ்டர் காலத்தில் நேர்ந்தது போலவே, ஒலி பெருகிய அளவுக்கு அதன் தரம் உயரவில்லை.

இந்நீண்ட வரலாற்றிலிருந்து, வீட்டில் நல்லொலி அமைக்க விரும்புவோர் கொள்ளத்தக்க முறை தெளிவாகின்றது. முதலாவது, அறையைச் சீராக்க வேண்டும். வெறுஞ்சுவரும் சீமெந்துத் தரையும் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். பாயும் திரைச்சீலையும் நூல் நிறைந்த அலுமாரியும் அதனை அடக்கும். ஒலிபெருக்கியை மூலையில் ஒடுக்கினால் அடித்தொனி வீங்கும். சுவரிலிருந்து சற்றே முன்னகர்த்தினால் தெளியும். இதற்குக் காசு வேண்டியதில்லை. இரண்டாவது, ஒலிபெருக்கியைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும்; ஒரு தொகுதியின் குணத்தை வேறெந்த உறுப்பையும்விட அதுவே நிர்ணயிக்கின்றது. வலுப்பெருக்கியின் வாற் எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ஒலி இருமடங்காகக் கேட்க வேண்டுமாயின் மின்வலு ஏறத்தாழப் பத்துமடங்காக வேண்டும். ஆகவே 20 வாற்றுக்கும் 30 வாற்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவி பெரிதாக அறியாது. ஒரே காலத்தில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றி, சில மாதம் கேட்டுப் பழகி, பின்னரே அடுத்ததை நாட வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றியவர் எது நன்மை செய்தது என்பதை அறியமாட்டார்.

பழந்தட்டு வைத்திருப்போர்க்கு மேலும் சில எச்சரிக்கைகள் உண்டு. 78 சுழற்சித் தட்டின் சால் அகன்றது. அதற்கு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 65 முதல் 75 பங்கு ஆரையுள்ள ஊசிமுனை வேண்டும். நெடுந்தட்டுக்கு 25 பங்கோ அதற்கும் குறைவோ போதும். ஒன்றின் ஊசியால் மற்றொன்றை ஓட்டினால் ஒலியும் கெடும், தட்டும் தேயும். அரக்குத் தட்டை மதுசாரத்தாற் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும்; வடித்த நீரும் மென்துணியுமே ஏற்றவை. தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். பூஞ்சணம் படர்ந்த நாடாவை அவ்வாறே ஓட்டினால் நாடாவும் கருவியும் ஒருங்கே பழுதாகும். முதலில் உலர்த்தித் தூய்மை செய்தல் வேண்டும். பின்னர் அதன் ஒலியை எண்முறைப் பதிவாகப் படியெடுத்து, ஈரிடங்களிலேனும் காத்தல் வேண்டும். கண்டியின் ஒவ்வொரு மழைக்காலமும் இத்தகைய நாடாக்களின் வாழ்நாளைச் சிறிது குறைத்துக்கொண்டே செல்கின்றது. ஆகையால் புதிய கருவிக்கான செலவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தாலும் ஒத்திவைக்கலாம். இந்தப் பணியை ஒத்திவைத்தல் தகாது.

கிராமபோன் ஒலியை நிலைக்கச் செய்தது. வானொலி அதைத் தொலைவிலிருந்து கொணர்ந்தது. நெடுந்தட்டு அதற்கு நீளம் தந்தது. திரான்சிஸ்டர் அதை ஏழையின் கைக்கு அளித்தது. கசெற்று அதை நேயரின் உடைமையாக்கியது. குறுந்தட்டு அதற்கு முழுமை தந்தது. ஒவ்வொரு படியிலும் முந்தியதைக் குப்பையென எறிந்த வீடுகள் உண்டு. முந்தியதைப் பேணி அதன்மேற் புதியதைச் சேர்த்த வீடுகளும் உண்டு. பாட்டனார் வாங்கிய தட்டையும், தந்தை பதிந்த நாடாவையும், மகன் அமைத்த ஒலிபெருக்கியில் ஒரே மாலையிற் கேட்கக்கூடிய இல்லமே நிறைந்த ஒலிச் செல்வம் உடையது. அத்தகைய இல்லத்துக்கும் அளவுகோல் ஒன்று வெளியே இருக்கவே இருக்கின்றது. அந்தி வேளையில் மாளிகைப் பக்கமிருந்து எழும் முரசொலியையோ, கட்டுக்கலைக் கோயிலின் தவிலோசையையோ கேட்டுவிட்டு வீடு திரும்பித் தம் கருவியை இயக்குவோர், அடுத்து எதனைத் திருத்த வேண்டும் என்பதைத் தம் செவியாலேயே அறிந்துகொள்வர்.